கையை வீசாம பந்தை அனுப்பறது எப்படி? வாலிபால் அண்டர்ஹேண்ட் பாஸ் பின்னாடி இருக்கற கணக்கு

வாலிபால்ல அண்டர்ஹேண்ட் பாஸ், அதாவது ரெண்டு முன்னங்கையையும் சேர்த்து வச்சு கீழ இருந்து பந்தை எடுத்து அனுப்பறது, புதுசா கத்துக்கறவங்க கிட்ட ஒரே ஒரு பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாக்கலாம். பந்து வருது, ரெண்டு கையையும் சேர்த்து கீழ இருந்து மேல ஒரு வீசு வீசறாங்க, பந்து முன்னாடி செட்டர் (அடிக்கறவருக்குப் பந்தைத் தூக்கிக் குடுக்கறவர்) கிட்ட போகாம தலைக்கு மேல ஏறி பின்னாடி போய் விழுது. கோச் அந்தப் பக்கம் நின்னு "கையை வீசாத"ன்னு கத்திட்டே இருப்பார், ஆனா ஏன் வீசக்கூடாதுன்னு பெரும்பாலும் யாரும் உக்காந்து விளக்கறதில்ல. அது மட்டும் புரிஞ்சுட்டா பாதி பாஸ் வந்துடும்னு நான் உறுதியா நம்பறேன்.

கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் ஓரக் கட்டையில பட்டுத் திரும்பும்ல, வந்த கோணம் எதுவோ கிட்டத்தட்ட அதே கோணத்துல அந்தப் பக்கம் போகும். இங்க நம்ம முன்னங்கை ரெண்டும் சேர்ந்துதான் அந்தக் கட்டை. அது எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ அதை வச்சுதான் பந்து போற திசை. இதுல கவனிக்க வேண்டிய விஷயம், கை 1 டிகிரி திரும்பினா பந்து போற பாதை 2 டிகிரி திரும்பிடும், அதாவது நம்ம தப்பு ரெண்டு மடங்காதான் வெளிய தெரியும்.

இப்ப வீசற கையை எடுத்துக்கோங்க. தோள்ல இருந்து கை விநாடிக்கு 300 டிகிரி வேகத்துல மேல வருதுன்னு வச்சுக்குவோம். பந்தைத் தொடறது வெறும் 0.01 விநாடி லேட்டானா கை 3 டிகிரி கூட மேல வந்திருக்கும், பந்து 6 டிகிரி மாறிப் போகும். 65 டிகிரி சாய்வுல கிளம்பி 6 மீட்டர் தள்ளி நிக்கற செட்டருக்குப் போயிருக்க வேண்டிய பந்து இப்ப 71 டிகிரியில கிளம்புது, அதே வேகத்துல போனாலும் 5 மீட்டரைக்கூட தொடாது. இன்னும் கொஞ்சம் லேட்டானா நேரா மேல, அதுக்கும் மேல லேட்டானா பின்னாடி. அசையாம நிக்கற கைக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது, பந்து கொஞ்சம் முன்ன வந்தாலும் பின்ன வந்தாலும் கோணம் அதேதான். அதனாலதான் நல்ல லிபரோ (தடுத்து எடுக்கறதுக்குன்னே இருக்கற ஆட்டக்காரர்) யாரையாவது பாத்தீங்கன்னா பந்து பட்ட பிறகும் கை அப்படியே நின்னுட்டு இருக்கும்.

அப்ப பந்து மேல போக பலம் எங்கிருந்து வரும்? காலுல இருந்து. பந்தோட எடை 260ல இருந்து 280 கிராம்தான், அதுவும் வர்ற வேகத்துல ஒரு பங்கு எப்படியும் திரும்பிடும். மெதுவா வர்ற பந்துக்கு முட்டியை மடக்கி நின்னு, பந்து படற நேரம் உடம்போட சேர்ந்து தோளும் லேசா மேல எழுந்தா போதும். இப்படி எழும்போது கை மொத்தமா மேல நகருது, ஆனா சாய்வு மாறறதில்ல. வேகமா வர்ற பந்துக்கு இது நேர் தலைகீழ். பெரிய ஆட்டங்கள்ல ஜம்ப் சர்வ், அதாவது குதிச்சு அடிக்கற சர்வ், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரும், அதுக்கு பலம் குடுக்கவே கூடாது, தோளைத் தளர்த்தி கையை பந்தோடவே துளி பின்னாடி விடணும், அப்பதான் அது எகிறிப் போகாது.

சரி, முன்னங்கையால அந்தக் கட்டையை எப்படி அமைக்கறது? ஒரு கையோட விரல்களை இன்னொரு கை விரல்கள் மேல வச்சு மடக்கி, கட்டை விரல் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல சமமா இருக்கற மாதிரி வைங்க. இப்ப கட்டை விரலைத் தரையைப் பாத்து அழுத்துங்க. மணிக்கட்டு கீழ இறங்கும், முழங்கை தானா நேராகும், முன்னங்கையோட உள்பக்கம் மேல பாத்துத் திரும்பும். முன்னங்கையில ரெண்டு எலும்பு இருக்கு, உள்ளங்கை கீழ பாத்தா ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கப் போகும், மேல பாத்தா ரெண்டும் பக்கம் பக்கமா சமமா கிடக்கும். அப்பதான் சதையுள்ள அகலமான பரப்பு கிடைக்குது. பந்து பட வேண்டியது மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல அந்த இடத்துலதான். கட்டை விரல் மேலயோ முஷ்டி மேலயோ பட்டா மேடுபள்ளத்துல பட்ட மாதிரி எங்க போகும்னே சொல்ல முடியாது. ரெண்டு கையிலயும் ஒரே நேரத்துல படலன்னா ஃபவுல் ஆயிடுமோன்னு பயப்பட வேண்டாம், டீமோட முதல் தொடுதல்ல ஒரே அசைவுக்குள்ள பந்து உடம்புல ரெண்டு இடத்துல பட்டாலும் விதி அனுமதிக்குது. ஆரம்பத்துல தோல் சிவந்து எரியும், கொஞ்ச நாள்ல பழகிடும்.

இன்னொண்ணு, கையைக் கோத்துட்டு ஓடாதீங்க. முதல்ல காலை நகர்த்தி பந்துக்கு நேரா போய் நில்லுங்க, கை கடைசியில சேர்ந்தா போதும்.

இந்தக் கேரம் கணக்கு கொஞ்சம் பொய்க்கறது பந்து சுழலும்போது. டாப்ஸ்பின் (முன்பக்கமா உருள்ற மாதிரி சுழல்) போட்ட சர்வ்ல பந்தோட முன்பக்கம் கீழ நோக்கி சுத்திட்டே வரும், கையில உரசும்போது உராய்வு பந்தை மேல தள்ளும், அதனால நினைச்சதை விட செங்குத்தா ஏறும். அதுக்குத்தான் அந்த மாதிரி சர்வுக்கு கையை இன்னும் கொஞ்சம் கீழ வச்சு வலையைப் பாத்து சாய்க்கச் சொல்றாங்க. சுழலே இல்லாத ஃப்ளோட் சர்வ் வேற ரகம், அது காத்துல அங்கயும் இங்கயும் ஆடி கடைசி நேரத்துல பக்கவாட்டுல விலகும், நேரா போய் நிக்க நேரம் இருக்காது. அப்ப கையை மொத்தமா அந்தப் பக்கம் கொண்டுபோய், செட்டர் இருக்கற பக்கத்து தோளை மட்டும் இறக்குங்க. முன்னங்கைக் கட்டை உள்பக்கமா சாயும், பந்து வெளிய தெறிக்காம செட்டர் பக்கம் திரும்பிடும்.