சாயங்காலம் கண்ணாடி மாதிரி இருந்ததாம்

நங்கூரம் போட்ட படகு தரை தட்டிவிட்டதென்று இந்த சீசனில் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. போன வாரம் விடியற்காலை நாலேகாலுக்கு போன் அடித்தது. நம்பர் தெரியாதது, ஆனால் அந்த நேரத்தில் மலேசியாவின் இந்த லங்காவித் தீவில் எனக்கு யார் கூப்பிடுவார்கள் என்பது தெரியும். "அண்ணே, போட் தரை தட்டிருச்சு, பிள்ளைங்க அழுவுதுங்க." பின்னாடி காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த இரண்டு குடும்பம், 12 மீட்டர் பாய்மரப் படகு வாடகைக்கு, ஸ்கிப்பர் சான்றிதழ் எடுத்து இரண்டு மாதம். முதல் தடவையாகக் கடலில் நங்கூரம் போட்டு ராத் தங்கியிருக்கிறார்கள். மேற்குப் பார்த்த ஒரு கடற்கரைக்கு எதிரே. ஏன் அங்கே என்றால், கரையில் சாப்பாட்டுக் கடை இருந்ததாம், சூரியன் மறைவது அழகாகத் தெரிந்ததாம். ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதற்குக் கும்பிடு. சுக்கான் போயிற்று, வைப்புத் தொகையும் போயிற்று.

விடிந்து, கடல் மட்டம் ஏறி, படகை இழுத்து மிதக்க விட்ட பிறகு, அதை ஓட்டிய தம்பி சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. "சாயந்திரம் கண்ணாடி மாதிரி இருந்துச்சே அண்ணே."

பதினேழு வருடமாகப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. ஆகவே பொறுமையாக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் அசையாமல் இருப்பது, அந்த இடம் பாதுகாப்பானது என்பதற்கு அடையாளம் அல்ல. அந்த நேரத்தில் அங்கே அலை எழுப்பும் காற்று இல்லை என்பதற்கு மட்டும்தான் அடையாளம். காற்றே இல்லாதபோது நடுக்கடலும் கண்ணாடிதான். அல்லது காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருக்கும், நீங்கள் கரையோரம் இருப்பதால் அலை எழும்ப இடம் இல்லை. அதே காற்று திரும்பி கடலிலிருந்து கரைக்கு வீசினால், அதுவரை உங்களுக்கு மறைப்பாக இருந்த அதே கரைதான் உங்களை உடைக்கும். இடம் மாறவில்லை, ஆழம் மாறவில்லை, கடைகூட அப்படியேதான் இருக்கிறது. திசை மட்டும் மாறியது.

நங்கூரமிட இடம் தேடும்போது கேட்க வேண்டியது "இப்போது எப்படி இருக்கிறது" என்பது அல்ல. "ராத்திரி மூன்று மணிக்குக் காற்று எங்கிருந்து வரக்கூடும், அப்போது என் பின்னால் என்ன இருக்கும்" என்பதுதான்.

லங்காவியில் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றும் ரகசியம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னுமான பருவ மாற்ற மாதங்களிலும், சுருக்கமாக ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி இடிமேக வரிசை ஒன்று கிழக்கே நகர்ந்து வரும். படகுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'சுமத்ரா'. பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ வரும், நல்ல தூக்கத்தில். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்து போகும், ஆனால் முதல் இருபது நிமிடத்திலேயே வேலையைக் காட்டிவிடும். மேற்கிலிருந்து, தென்மேற்கிலிருந்து வரும். இப்போது மேப்பைப் பாருங்கள். எல்லோரும் போகும் பந்தாய் செனாங் கடற்கரை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? மேற்கு. எதிரே ரெபாக், தெப்போர் என்று சின்னத் தீவுகள் கொஞ்சம் மறைக்கும், முழுதும் அல்ல. அதைத் தாண்டினால் திறந்த கடல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிசம்பர், ஜனவரியில் அதே மேற்குக் கரை குளம் மாதிரி இருக்கும். அப்போது காற்று வடகிழக்கு, தீவு முழுவதும் உங்களுக்கு முதுகு கொடுத்து நிற்கிறது. அந்த மாதத்தில் ஒருவர் வந்து தங்கி, படம் பிடித்து, 'அமைதியான இடம், அருமையான தூக்கம்' என்று படகுக்காரர்களுக்கான ஆப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் சொன்னது பொய் இல்லை. அதை ஆகஸ்டில் படித்துவிட்டு வந்து நிற்பவர்தான் விடியற்காலையில் எனக்கு போன் போடுகிறார். தயவுசெய்து, நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

என் தாத்தா ராமநாதபுரம் மண்டபத்துக்காரர். அங்கே வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கமும் கடல். தென்மேற்குக் காற்று மாதங்களில் படகுகள் வடக்குப் பக்கம், வாடைக் காலத்தில் தெற்குப் பக்கம். ஊரே படகைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும். யாரும் சான்றிதழ் வாங்கவில்லை. ஒரே ஊர், இரண்டு கரை, எந்த மாதம் எது என்பதுதான் பாடம். நான் ஒரு வார வகுப்பில் சொல்லிக்கொடுக்க முயல்வதும் இதைத்தான், ஆனால் எல்லோருக்கும் முடிச்சுப் போடுவதில்தான் ஆசை.

சரி, முதல் இரவுக்கு எங்கே போகலாம்? என்னிடம் கேட்டால் தெற்கே உள்ள பூலாவ் டாயாங் புந்திங் தீவுக்கும் பக்கத்துத் தீவான குபாங் டாராட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் சுவர் மாதிரி எழும்பி நிற்கும், எந்தக் காற்றாக இருந்தாலும் அலை உள்ளே வளர இடம் இல்லை. பிறகு குவா, ஃபெர்ரித் துறை இருக்கும் ஊர். ஏறக்குறைய சுற்றிலும் நிலமும் தீவுகளும், அடியில் சேறு, நங்கூரம் நன்றாகக் கடிக்கும். அழகு கிடையாது. கோலா பெர்லிஸ், கோலா கெடா ஃபெர்ரிகள் பகலெல்லாம் போய்வந்து ஆட்டும், மறுநாள் செயினைத் தூக்கினால் நாறும் கறுப்புச் சேறு தளமெல்லாம் கொட்டும், வாளியும் பிரஷும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு அழகு வேண்டாம். அது ஐந்தாவது இரவுக்கு.

பக்கத்தில் உயரமான மலை இருந்தால் காற்று வராது என்று நினைப்பவர்களும் உண்டு. மலை அலையைத் தடுக்கும். காற்றை எப்போதும் தடுக்காது. 881 மீட்டர் உயரமுள்ள குனோங் ராயா மலையைத் தாண்டி இறங்கும் காற்று சில நேரம் சறுக்குமரத்தில் வருவது மாதிரி திடீர் திடீரென்று, திசை மாற்றி மாற்றி அடிக்கும், படகு நங்கூரத்தைச் சுற்றிக் கோலம் போடும். ஒட்டி நிற்காதீர்கள், கொஞ்சம் தள்ளியே போடுங்கள். காற்றே இல்லாத இரவிலும் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும் நீள அலை ஒன்று உண்டு. அதில் ஆபத்து குறைவு, ஆனால் படகு பக்கவாட்டில் தொட்டில் ஆடி, ராத்திரி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி எடுப்பீர்கள்.

அப்புறம் ஆழம். இதில்தான் படித்தவர்கள் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். இங்கே ஒரு நாளில் இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் சுமார் 3 மீட்டர். வற்றியிருக்கும்போது 3 மீட்டர் தண்ணீரில் போய் நின்று, "ஆழத்துக்கு ஐந்து மடங்கு செயின் விடணும்னு சொன்னீங்களே" என்று 15 மீட்டர் விட்டுவிட்டுப் படுத்தால், நள்ளிரவில் தண்ணீர் 6 மீட்டர், முன்முனை தண்ணீருக்கு மேலே இன்னொரு மீட்டர், ஆக 7. பதினைந்து மீட்டர் செயின் அதற்கு இரண்டு மடங்குதான். செயின் தரையோடு படுத்துக் கிடந்து கிடைமட்டமாக இழுத்தால்தான் நங்கூரம் பிடிக்கும், மேல்நோக்கி இழுத்தால் தானே பிடுங்கிக்கொள்ளும். அந்த 7-க்கு ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் விட்டிருக்க வேண்டும். மாறாக, ஏறியிருக்கும்போது 4 மீட்டரில் போட்டால் வற்றியதும் 1 மீட்டர் மிஞ்சும், உங்கள் படகுக்கு அடியில் கீல் என்கிற பாரத் தகடு 1.8 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. போன வாரத் தம்பி இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்துகாட்டினார்: செயின் குறைவு, நங்கூரம் நகர்ந்தது, பின்னால் வற்றிக்கொண்டிருந்த கரை.

35 மீட்டர் செயின் விட்டால் படகு நீளம் 12-ஐயும் சேர்த்து 47 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் உங்களுக்கு வேண்டும். அந்த வட்டத்துக்குள் பாறை, கரை, அடுத்தவர் படகு, மீனவர் போட்ட புபு என்கிற மீன்பிடிக் கூண்டின் மிதவை எதுவும் இருக்கக் கூடாது. "காற்று இந்தப் பக்கம்தானே, அந்தப் பக்கம் பாறை இருந்தா என்ன" என்று கேட்காதீர்கள். இவ்வளவு நேரம் நான் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்?

உள்ளூர் மீன்படகுகள் ராத்திரி எங்கே கட்டிக் கிடக்கின்றன என்று பாருங்கள், அது எந்த ஆப்பையும்விட நல்ல ஆலோசனை. ஆனால் அவை சேற்றில் உட்கார்ந்தால்கூடக் கவலைப்படாத படகுகள், உங்களுடையது அப்படியல்ல. மீனவர்கள் இருட்டிலேயே கிளம்புவார்கள், வழியில் படுத்துக்கொள்ளாதீர்கள். நங்கூரத்தில் நிற்கும் படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு கட்டாயம், 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. பாயடியில் கலர் கலராக எல்.இ.டி. சரம் கட்டிவிட்டு உச்சி விளக்கைப் போட மறந்த ஒரு படகை நானே ஒருமுறை நூலிழையில் தவிர்த்தேன். தீபாவளி மாதிரி ஜொலித்தது, ஆனால் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

போட்ட பிறகு என்ன செய்வது என்று வகுப்பில் சொல்லியாகிவிட்டது, இருந்தாலும் வேகமாக. நங்கூரம் தரை தொட்ட நொடியிலேயே படகு நகர்ந்தால் சத்தம் போடும் எச்சரிக்கை ஆப்பில், போனில் புள்ளி வையுங்கள், டீ குடித்துவிட்டு வந்து வைத்தால் புள்ளி வேறெங்கோ இருக்கும். செயினைக் குவியலாகக் கொட்டாதீர்கள், படகு பின்வாங்கப் பின்வாங்க விடுங்கள். கடைசியில் எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பிடியுங்கள், கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரிகிறதா, நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் எடுத்து மறுபடியும் போடுங்கள். மூன்று தடவை ஆனாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் அவர்களும் ஒரு நாள் கரையேறுவார்கள். செயினின் பாரத்தை, அதைச் சுருட்டும் விண்ட்லாஸ் எந்திரத்தில் விடாதீர்கள், படகில் கட்டிய ஒரு கயிற்றைக் கொக்கியால் செயினில் மாட்டி அதில் ஏற்றுங்கள். வாடகைப் படகில் செயினில் பூசிய அளவுக்குறிகள் பாதி அழிந்திருக்கும், துறைமுகத்திலேயே இழுத்துப் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதுதான் நடக்கும். மத்தியானம் மூன்று மணிக்கே இடத்தில் இருங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போகவும் நேரம் இருக்கும். உள்ளே வந்த தடத்தை ஜி.பி.எஸ்.ஸில் சேமித்து, இருட்டில் வெளியே போக வேண்டி வந்தால் எந்தப் பாகையில் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி சுக்கான் பக்கத்தில் ஒட்டுங்கள். தூங்கப் போகுமுன் மலேசிய வானிலைத் துறையான மெட் மலேசியாவின் ரேடார் படத்தைப் பாருங்கள், இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இன்னொரு தடவை. நீரிணையில் வில் மாதிரி வளைந்த மழைக் கோடு ஒன்று கிழக்கே வந்துகொண்டிருந்தால் தூக்கம் முடிந்தது. லைஃப் ஜாக்கெட், எஞ்சின், பிள்ளைகள் கீழே. மேற்கே மின்னல் தெரிந்தும் "தூரமா இருக்கு" என்று திரும்பிப் படுத்தவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

அந்தத் தம்பி நல்ல பையன், மறுபடியும் படகு எடுப்பேன் என்கிறார், எடுக்கட்டும். அவருக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் விடியற்காலை நாலு மணிக்குக் கூப்பிடுவதற்குப் பதிலாக முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள். எந்த மாதம், எந்தக் கரை, கடல் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று மேப்பை விரித்துவைத்துப் பேசினால் பத்து நிமிட வேலை. தே தாரேக் டீ மட்டும் உங்கள் செலவு.