பிறவுசர், குழை, உலாவி

"மாமா, நெற் சரியா இழுபடுது. அப்பா பெரிய பக்கேஜும் போட்டுப் பார்த்திட்டார். அப்பவும் அப்பிடியேதான் கிடக்கு." கொக்குவிலில் இருந்து மருமகள் போன் எடுத்துச் சொன்னாள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. ஒரு பழைய வினாத்தாளைத் தரவிறக்கி முடிவதற்குள் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போகிறது என்றால் யாருக்கும் எரிச்சல் வரும்.

பின்னேரம் போய்ப் பார்த்தேன். அதே வைஃபையில் அவளுடைய போனில் பக்கம் உடனே திறந்தது. மடிகணினியில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி. முப்பது பக்கங்கள் ஒரேயடியாகத் திறந்து கிடந்தன. யாரோ எப்போதோ பிறவுசரோடு சேர்த்துவிட்ட நீட்சிகள், அதாவது கூடுதல் வசதிக்கான சிறு நிரல்கள், ஒன்பது. பிறவுசரைப் புதுப்பித்து வருடக்கணக்காகிறது. "நெற்றில பிழையில்லை பிள்ளை, பிறவுசரிலதான் பிழை" என்றேன். "ரெண்டும் ஒண்டுதானே மாமா?" என்று கேட்டாள்.

அவளைக் குறைசொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் இணைப்பும் நெற்தான், பிறவுசரும் நெற்தான், கூகிளும் நெற்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் எது பழுது என்று எப்படிச் சொல்வது? மச்சான் மாதாமாதம் கூடுதலாகக் கட்டிய காசு இந்தப் பெயர்க் குழப்பத்தில் போன காசு. சொல்லைச் சரியாக வைத்திருப்பது பண்டிதர்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுச் செலவோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலை அது என்பேன்.

ஆகவே முதலில் பொருள். இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு வழங்கியிடம், அதாவது சேர்வர் கணினியிடம், பக்கத்தைக் கேட்டு, அது அனுப்பும் எழுத்தையும் படத்தையும் நிரல்களையும் வாங்கி, ஒழுங்காக அடுக்கித் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளே பிறவுசர். ஏ9 வீதியை இணைப்பு என்று வையுங்கள். அதில் நீங்கள் ஏறிப் போகும் வாகனம் பிறவுசர். எந்த ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும் என்று சந்திக் கடையில் கேட்கிறோமே, அது தேடுபொறி. போய் இறங்கும் வீடு இணையத்தளம். வீதியை எவ்வளவு அகலமாக்கிக் காப்பெற் போட்டாலும், வாகனத்தின் எஞ்சின் இழுக்காவிட்டால் கிளிநொச்சிக்குப் போய்ச் சேரப் பொழுதுபட்டுவிடும்.

இனிச் சொல்லின் கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஆங்கிலத்தில் பிறவுஸ் என்ற வினைக்கு முதற்பொருள் கணினியோடும் தொடர்பற்றது, புத்தகத்தோடும் தொடர்பற்றது. ஆடும் மானும் மரஞ்செடிகளின் இளந்துளிரைக் கடித்துத் தின்பதையே அது குறித்தது. பழைய பிரெஞ்சு மொழியில் இளங்கொப்பு, துளிர், கால்நடைக்குப் போடும் பச்சைத் தீனி என்ற பொருளில் இருந்த ஒரு பெயர்ச்சொல்லே அதற்கு மூலம். 15ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பெயர்ச்சொல்லாக நின்றால் அதற்குச் சரியான யாழ்ப்பாணச் சொல் நம்மிடமே இருக்கிறது: குழை. பூவரசங்குழை, கிளுவங்குழை, பலாக்குழை. ஆட்டுக்குக் குழை ஒடித்துப்போடுகிறோமே, அதேதான்.

மாடு தலையைக் குனிந்து நிலத்துப் புல்லை மேயும். ஆடு அப்படி இல்லை. வேலிக் கதியாலில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து, கழுத்தை நீட்டி, இங்கே ஒரு துளிர், அங்கே ஒரு துளிர் என்று தெரிந்தெடுத்துக் கடிக்கும். ஒரு கொப்பை முடிக்காமலே அடுத்த கொப்புக்குத் தாவும். ஆங்கிலம் மாட்டின் மேய்ச்சலுக்கு ஒரு சொல்லும் ஆட்டின் மேய்ச்சலுக்கு இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறது. பிறவுஸ் ஆட்டுக்கு உரியது. தமிழில் இரண்டுக்கும் மேய்தல் என்பதே பொது.

19ஆம் நூற்றாண்டில் இந்த ஆடு புத்தகத் தட்டுக்குள் புகுந்தது. முழுதாக வாசிக்காமல் அங்குமிங்குமாகப் பக்கம் புரட்டுவதை அந்தச் சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள். தமிழும் அதே ஒப்புமையைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நுனிப்புல் மேய்தல் என்கிறோம். ஆனால் நாம் அதை வைவதற்கு வைத்திருக்கிறோம். வகுப்பில் "நுனிப்புல் மேயாமல் படி" என்று வாத்தியார் சொன்னால் தலை குனியும். ஆங்கிலச் சொல்லில் அந்த வசை இல்லை.

கணினிக்குள் இந்தச் சொல் வந்தது வலை பிறப்பதற்கு முன்பே. 1970களில் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்ரோ ஆய்வுகூடத்தில் லாரி ரெஸ்லர் என்ற அறிஞர், நிரல்களைப் புரட்டிப் பார்க்கும் ஒரு கருவியைச் செய்து அதற்குப் பிறவுசர் என்று பெயர் வைத்தார். வெட்டு, நகலெடு, ஒட்டு என்று நாள்தோறும் செய்கிறோமே, அதுவும் அவர் வளர்த்தெடுத்த முறைதான். பிறகு 1990இல் ரிம் பேர்னேர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்தில் முதல் வலை உலாவியை எழுதினார். 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசைக், எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிப் பொதுமக்களை வலைக்குள் கூட்டி வந்தது.

அதற்குப் பின் வந்த பெயர்கள் ஆட்டை மறந்து பயணத்துக்குப் போய்விட்டன. 1994இல் நெற்ஸ்கேப் நவிகேற்றர், அதாவது கப்பலுக்குத் திசை பார்ப்பவர். 1995இல் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர், புதுநாடு தேடிப் போகிறவர். திசை பார்த்து, நாடு தேடி முடிந்தால் அடுத்து நாட்டைப் பிடிப்பதுதானே என்று, கேடீஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் தங்கள் உலாவிக்குக் கொங்கறர் என்று பெயரிட்டார்கள். 2003இல் ஆப்பிளின் சபாரி. பயணம் என்று பொருள்படும் சுவாகிலிச் சொல் அது, அரபியிலிருந்து போனது.

தமிழ் எந்தப் பக்கம் போயிற்று? தொடக்கத்தில் சில முயற்சிகள் நடந்தன. மேலோட்டமாகப் பார்ப்பது என்ற கருத்தில் மேலோடி என்று எழுதியவர்கள் உண்டு. ஆங்கிலச் சொல்லின் புத்தகப் பொருளுக்கு அது நெருக்கமானது. ஆனால் வினாத்தாளைத் திறந்து இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து செய்கிற பிள்ளை மேலோட்டமாகவா பார்க்கிறாள்? எனக்கு அந்தச் சொல்லில் மனம் ஒட்டவில்லை. மேய்தலை வைத்துச் சொல் செய்யலாமே என்றால், நுனிப்புல்லின் வசை கூடவே வந்துவிடும். கடைசியில் நிலைத்தவை உலவி, உலாவி என்ற இரண்டும். இரண்டும் பிழையில்லை. உலவு, உலாவு இரண்டுமே திரிதலைக் குறிக்கும் வினைகள்தான்.

இருந்தாலும் நான் உலாவியின் பக்கம். வதந்தி உலவுகிறது, பேய் உலவுகிறது என்போம். தென்றல் உலாவுகிறது, நிலவு உலாவுகிறது என்போம். நீட்டமான வடிவத்தில் உலா என்ற பெயர்ச்சொல் வெளியே தெரிகிறது. உலா எவ்வளவு பெரிய சொல்! தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள் கண்டு நிற்பதாகப் பாடும் ஒரு சிற்றிலக்கிய வகைக்கே அதுதான் பெயர். நல்லூர் கந்தனின் 25 நாள் திருவிழாவில் சுவாமி வெளிவீதி உலா வருவதைப் பார்க்கும் ஊரில் அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை.

பெரியபுராணத்தின் முதற்பாட்டைச் சைவப் பிள்ளைகள் சிறுவயதிலேயே பாடமாக்கியிருப்பார்கள். முதல் அடி 'உலகெலாம்' என்று தொடங்கும். அடுத்த அடி 'நிலவுலாவிய' என்று தொடங்கும். இறைவன் சடையில் பிறை உலாவுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் உலகெலாம் என்பதையும் உலாவுதலையும் அடுத்தடுத்த அடிகளின் தலையில் வைத்தபோது வலையைப் பற்றிக் கனவு கண்டிருக்க மாட்டார். ஆனால் உலகளாவிய வலைக்கு உலாவி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டின் ஓசை காதில் கேட்கிறது. வேற்றுமொழிக் கருவி ஒன்று நம்முடையதாக ஆவது இப்படியான ஓசையால்தான் என்று நம்புகிறேன்.

நூலை விடுங்கள், வாய்ப்பேச்சுக்கு வருவோம். "எங்க, ஆளைக் காணேல்லை?" என்று கேட்டால், "உலாத்தப் போயிட்டினம்" என்று நம்மூரில் மறுமொழி வரும். உலாத்துதல் நம் வீட்டுச் சொல். உலாவி அதன் உடன்பிறப்பு. இணைய உலாவி என்பது பாடப்புத்தகத் தமிழ், வாயில் வராது என்று சொல்பவர்கள் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும்.

இலக்கணமும் சரியாகவே இருக்கிறது. வினையடியோடு இகரம் சேர்ந்தால் செய்பவரையும் குறிக்கும், செய்ய உதவும் கருவியையும் குறிக்கும். வழிகாட்டி என்றால் ஆளாகவும் இருக்கலாம், சந்தியில் நட்ட பலகையாகவும் இருக்கலாம். ஒலிபெருக்கி, நகவெட்டி எல்லாம் இந்த வகை. உலாவுவது நாம்தானே, மென்பொருளை எப்படி உலாவி என்பது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆங்கிலத்திலும் பிறவுசர் என்பது முதலில் ஆட்டையும் ஆளையும் குறித்து, பிறகுதான் கருவியைக் குறித்தது. நம் இகரத்துக்கு இரண்டையும் தாங்கும் வலு உண்டு. துல்லியமாகச் சொல்ல விரும்பினால் வலை உலாவி எனலாம், இணையம் முழுவதிலும் அது உலாவுவது வலை என்ற பகுதியில்தான். நடைமுறையில் இணைய உலாவி என்பதே பெருவழக்கு. அதை மாற்றச் சொல்லி மல்லுக்கட்ட மாட்டேன்.

சரி, கொக்குவிலுக்குத் திரும்புவோம். "அப்ப வேறை உலாவி போட்டால் ஓடுமோ?" என்றாள் மருமகள். சொல் அதற்குள் வாயில் வந்துவிட்டது.

ஓடும். ஆனால் ஏன் ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு உலாவிக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்தை அடுக்கி வரைவது அதன் வேலை. இன்று பரவலாக இருக்கும் பொறிகள் மூன்றுதான்: கூகிளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிற், மொசில்லாவின் கெக்கோ. முன்பு சொன்ன கொங்கறருக்காக எழுதிய பொறியை எடுத்து ஆப்பிள் வெப்கிற்றைச் செய்தது. 2008இல் வந்த குரோம் முதலில் வெப்கிற்றில்தான் ஓடியது. 2013இல் அதிலிருந்து பிளிங்க் கிளைபிரிந்தது. எட்ஜ் 2015இல் சொந்தப் பொறியோடு வந்து, 2020 ஜனவரியில் குரோமின் அடித்தளத்துக்கே மாறிவிட்டது. ஒபெரா, பிறேவ், விவால்டி எல்லாம் அதே பொறிதான். ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்கு மாறினால் பெயர்ப்பலகையும் வசதிகளும் மாறும், எஞ்சின் அதேதான். ஃபயர்பொக்ஸ் வேறு பொறி. 2017 நவம்பரில் அதைப் பெரிதாகத் திருத்தி வேகம் கூட்டினார்கள். ஐபோன் என்றால் இலங்கையில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே வெப்கிற்தான்.

இன்னொன்று. புது உலாவி வேகமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அது வெறுமையாக இருப்பது. நீட்சி இல்லை, முப்பது பக்கம் திறந்து கிடக்கவில்லை. ஆகவே முதலில் பழையதைப் புதுப்பித்து, வேண்டாத நீட்சிகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் இழுத்தால் மாற்றுங்கள். மாற்றிய முதல் நாளிலேயே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். போய்வந்த பக்கங்களின் படங்களையும் பிறவற்றையும் உலாவி தன் தேக்ககத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை தூரத்திலிருந்து கொண்டுவரத் தேவையில்லாமல். புது உலாவியில் அந்தத் தேக்ககம் நிறையச் சில நாள் எடுக்கும். புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் பழையதிலிருந்து கொண்டுவரும் வசதி பெரும்பாலான உலாவிகளில் உண்டு, புதிதாகத் தட்டச்சிடத் தேவையில்லை.

நாங்கள் ஃபயர்பொக்ஸ் போட்டோம். 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத் தளத்தில் இருந்து ஒரு தடித்த பழைய சஞ்சிகையைத் திறந்து பார்த்தோம். தேத்தண்ணி ஆறுவதற்கு முன் வந்துவிட்டது. பழைய பக்கேஜுக்கே திரும்பலாம் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.

போகும்போது, உலாவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டேன். ஒரு பக்கத்தோடு இன்னொரு பக்கத்தைத் திறக்கும் அந்த மேற்பட்டிக்குத் தாவல் என்றும் கீற்று என்றும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. இதில் கீற்று என்று இருந்தது. மருமகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இந்தியாவில கீற்றெண்டால் எங்கட கிடுகுதானே?"

அதுவும்தான், நிலாக்கீற்றும் கீற்றுத்தான் என்றேன். அவள் அதற்குள் புதிதாக ஒரு கீற்றைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடத் தொடங்கியிருந்தாள்.