எந்த சானா என்பதற்கு முன், எந்த மாத்திரை?

"சாதா சானா நல்லதா, இன்ஃப்ராரெட் நல்லதா டாக்டர்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்பதுதான். சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி பார்ப்பார்கள்.

சானா என்பது சூட்டில் உட்கார்ந்து வியர்ப்பதற்கான அறை. வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்லாந்து பாணி சானாவில் அடுப்பில் கற்கள் காய்ந்து, அறைக் காற்று 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை போகும். காற்று உலர்ந்திருப்பதால்தான் அந்தச் சூட்டைத் தாங்க முடிகிறது. இன்ஃப்ராரெட்டில் அகச்சிவப்புக் கதிர் நேராக உடம்பில் பட்டுச் சூடேற்றும். காற்று பெரும்பாலும் 45 முதல் 60 டிகிரிதான். சில ஜிம்களில் 'சானா' என்று காட்டும் அறை உண்மையில் ஸ்டீம் ரூம். ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம் இருக்கும், வியர்வை ஆவியாகாது, 45 டிகிரியே திணறடித்துவிடும். மே மாதச் சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்ஃப்ராரெட் விற்பவர்கள் "இதயத்துக்கு நல்லது" என்று காட்டும் ஆய்வுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதிகம் பேசப்படுவது 2015-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு. நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரைப் பல வருடங்கள் கவனித்ததில், வாரம் 4 முதல் 7 முறை சானா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் உட்கார்ந்தது கற்கள் காயும் பழைய பாணி சூட்டில். தவிர, அடிக்கடி போக முடிந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். இன்ஃப்ராரெட்டுக்கென்று இருப்பது ஜப்பானின் 'வாவோன்' சிகிச்சை: 60 டிகிரியில் 15 நிமிடம், பிறகு போர்வைக்குள் 30 நிமிட ஓய்வு. அது இதயம் பலவீனமானவர்களுக்கு டாக்டர்கள் மேற்பார்வையில் செய்வது. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஷோரூம் பேச்சுக்கு அதை இழுக்கக் கூடாது. நச்சு வெளியேறும் என்பதையும் விட்டுவிடுங்கள், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. குறையும் எடை தண்ணீர்தான், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரியும். அம்லோடிபின் போன்ற பிபி மாத்திரையும், புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும் அதையே செய்யும். சூடும் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கண் இருண்டு விழுவீர்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும், சர்க்கரைக்கு இப்போது நிறையப் பேருக்கு எழுதப்படும் டபாகிளிஃப்ளோசினும் ஏற்கெனவே உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகின்றன. சாயங்காலம் ஷட்டில் ஆடி நனைந்துவிட்டு நேராக சானாவுக்குள் போகிறவர்களிடம் நான் பயப்படுவது இதற்குத்தான். இன்சுலின் போட்டவர்களுக்கு, சூட்டில் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டு சர்க்கரை இறங்கலாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் இன்ஃப்ராரெட் பேனலுக்குப் பக்கத்தில் காலை வைக்கவே கூடாது, சுட்டால் தெரியாது.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி கட்டுக்குள் வராதவர்கள், கர்ப்பிணிகள், குடித்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் போக வேண்டாம். குழந்தைக்கு முயற்சி செய்யும் ஆண்களும் கொஞ்ச மாதம் தள்ளிப் போடலாம்; சூடு விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதெல்லாம் இல்லாதவர் என்றால் என் யோசனை: ஜிம்மில் நல்ல பழைய பாணி சானா இருந்தால் அதிலேயே 5, 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அந்தச் சூடு மூச்சை அடைப்பது போலிருந்தால் இன்ஃப்ராரெட்டுக்குப் போங்கள். வீட்டுக்கு வாங்குவதென்றால், அபார்ட்மென்ட்டில் இன்ஃப்ராரெட்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒருவர் உட்காரும் சிறிய பெட்டிக்குப் பொதுவாக 2 கிலோவாட்டுக்குள் போதும். பழைய பாணி ஹீட்டர் அதைவிட அதிகம் கேட்கும், பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் வேண்டும். எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கும் வீட்டு லோடும் பார்க்கச் சொல்லுங்கள்.