மனநோய்க்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்: 40 சதவீதம் எங்கே நழுவுகிறது

பல வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மகனுக்குத் தலை சீவி, நல்ல சட்டை போட்டு, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவிடம் கூட்டிப்போனார் ஓர் அம்மா. "வீட்டில் எப்படி இருக்கிறான்?" என்று டாக்டர் கேட்டார். சுற்றிலும் ஆட்கள். "நல்லாத்தான் இருக்கான் சார்" என்றார் அம்மா. பாதிப்பின் சதவீதம் 40-க்குக் கீழே போய்விட்டது. அந்த வீட்டில் குளிக்கச் சொல்லவே தினமும் ஒரு மணி நேரம் போராட வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. ஆனால் 40 சதவீதம் இல்லாமல் இடஒதுக்கீடு கிடையாது, பெரும்பாலான உதவிகளும் கிடையாது.

'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்குக்கும், சிரமம் கூடக் கூட ஏறும்படி, தலா 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த காலத்துக்கும் உண்டு. மொத்தம் 7 வந்தால் 40 சதவீதம். ஆக, அன்றைக்கு அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதல்ல கணக்கு. கூடப் போகிறவர் வெட்கப்படாமல் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். எழுதியே எடுத்துப்போங்கள். இல்லத்தரசிக்குச் சமையலும் வீட்டு வேலையும்தான் 'வேலை', மாணவருக்குப் படிப்பு. "சம்பளம் இல்லையே" என்று டாக்டர் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால் கேளுங்கள்.

நோயாளி மோசமாகத் தெரியட்டும் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்து மறுபடி வார்டில் சேர்ந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளத்தில். அங்கே 'மனநோய்' வேறு, 'அறிவுசார் குறைபாடு' வேறு. மாற்றிக் குறித்தால் அறிவுத்திறன் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். சோதனை இயல்பாக வரும், "தகுதி இல்லை" என்பார்கள், அப்புறம் முதலிலிருந்து அலைய வேண்டும். மையத்தில் வேறு யாராவது நிரப்பினால் அந்த ஒரு வரியையாவது நீங்களே படித்துப் பாருங்கள். நோயாளியால் விண்ணப்பிக்க முடியாவிட்டால் சட்டப்படியான பாதுகாவலர் செய்யலாம்.

பழைய ஓ.பி. சீட்டுகளை எறியாதீர்கள். நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. கசங்கியதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

சான்றிதழ் தர மறுத்தால், வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் தருவது அவர்கள் கடமை, விதியிலேயே இருக்கிறது. "அதெல்லாம் தர்றதில்லை" என்று கவுண்டரில் சொன்னால், கேட்டதை மனுவாக எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். முடிவு வந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தேதி போட்ட காகிதம் கையில் இருந்தால்தான் அது நடக்கும்.