மெக்கானிக்கல் பென்சில்: காசு போக வேண்டிய இடம் எது?

மெக்கானிக்கல் பென்சிலின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியும் பாகங்கள்தான்: உடல் உலோகமா பிளாஸ்டிக்கா, கிளிப் எப்படி, மேலே யார் பெயர். எழுத்தைத் தீர்மானிப்பதோ முன்பக்கத்துச் சில சென்டிமீட்டருக்குள் மறைந்திருக்கும் நாலைந்து சின்ன உறுப்புகள். அவை நன்றாக அமைந்துவிட்டால் பிளாஸ்டிக் உடல்கொண்ட மலிவுப் பென்சில்கூட வருடக்கணக்கில் உழைக்கும். அவை சரியில்லை என்றால் பித்தளையில் கடைந்தெடுத்த உடல் இருந்தும் பயனில்லை. அதனால் வாங்கும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

பொத்தானை அழுத்தினால் லெட் கொஞ்சம் வெளியே வருகிறது. விட்டால் அங்கேயே நிற்கிறது. இந்த வேலையைச் செய்வது கிளட்ச். மெல்லிய குழாய் ஒன்றின் முன்பகுதியை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் மூன்று தாடைகள் கிடைக்கும் அல்லவா, அதுதான் கிளட்ச். டிரில்லிங் மெஷினில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் வேலை செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். தாடைகளின் வெளிப்புறம் நுனியை நோக்கிப் போகப்போகத் தடிக்கும். அவற்றைச் சுற்றி ஒரு சிறு உலோக வளையம் இருக்கும். ஸ்பிரிங் ஒன்று கிளட்ச்சை எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். தடித்த நுனி வளையத்துக்குள் இழுபடும்போது தாடைகள் ஒன்றையொன்று நெருங்கி லெட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பொத்தானை அழுத்துங்கள். கிளட்ச், வளையம், லெட் மூன்றும் ஒன்றாக முன்னே நகரும். கொஞ்சதூரம் போனதும் வளையம் உள்ளே இருக்கும் ஒரு விளிம்பில் முட்டி நின்றுவிடும். கிளட்ச் மட்டும் மேலும் முன்னேறும். வளையத்தின் பிடியிலிருந்து வெளியே வந்தவுடன் தாடைகள் விரிந்து லெட்டை விட்டுவிடும். பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் ஸ்பிரிங் கிளட்ச்சைப் பின்னுக்கு இழுக்கும். தாடைகள் லெட்டின் மேல் வழுக்கிக்கொண்டே போய், வளையத்தோடு சேர்ந்து பழைய இடத்தை அடைந்ததும் மறுபடியும் இறுகிக்கொள்ளும். லெட் மட்டும் முன்னே வந்த இடத்திலேயே இருக்கும். ஆக, ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு லெட் வரும் என்பது, முட்டி நிற்பதற்கு முன் அந்த வளையம் நகரும் தூரம். பெரும்பாலான பென்சில்களில் அது அரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நாம் எழுதும்போது தாள் லெட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. லெட் தன்னோடு தாடைகளையும் பின்னுக்கு இழுக்கிறது. தாடைகள் பின்னுக்குப் போனால் வளையத்துக்குள் இன்னும் ஆழமாக நுழையும். பிடி இன்னும் இறுகும். அதாவது, நாம் எவ்வளவு அழுத்தி எழுதுகிறோமோ அவ்வளவு உறுதியாக அது பிடித்துக்கொள்கிறது. இதற்கெனத் தனியாக ஒரு பூட்டும் தேவையில்லை. ஒரு சரிவும் ஒரு வளையமும் சேர்ந்து அதைச் செய்துவிடுகின்றன.

ஆனால் தாடைகளின் உட்புறம் தேய்ந்துபோனால் எல்லாமே கெட்டுவிடும். லெட்டில் இருக்கும் கிராஃபைட் இயல்பிலேயே வழுக்கும் பொருள். அதன் தூள் தாடைகளுக்குள் படிந்துகொண்டே இருக்கும். பித்தளைத் தாடைகள் இதை நீண்டகாலம் தாங்கும். மிகவும் மலிவான பென்சில்களில் வரும் பிளாஸ்டிக் தாடைகள் சீக்கிரம் தேய்ந்து, எழுதும்போது லெட் உள்ளே போய்விடும். விலை குறைந்த பென்சில் வாங்குவதில் தவறே இல்லை. தாடைகள் பித்தளையா என்று மட்டும் பாருங்கள். நுனிப்பகுதியைத் திருகிக் கழற்றினாலே கிளட்ச் தெரிந்துவிடும்.

கழற்றிய அந்த நுனிக்குள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: லெட்டைச் சுற்றி இருக்கும் ஒரு துளியூண்டு ரப்பர். தாடைகள் விரிந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் லெட் கீழே விழுந்துவிடாமலும், தாடைகளோடு பின்னுக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்வது இதுதான். இதைச் சோதிப்பது சுலபம். இரண்டு க்ளிக் செய்து லெட்டைக் கொஞ்சம் வெளியே வர வையுங்கள். பொத்தானை அழுத்தியபடியே பென்சிலை நுனி கீழே இருக்குமாறு பிடியுங்கள். லெட் தானாக நழுவி விழுந்தால் அந்த ரப்பர் சரியில்லை. அடுத்து, பொத்தானை விட்டுவிட்டு லெட்டைத் தாளில் செங்குத்தாக ஊன்றி அழுத்துங்கள். உள்ளே போகவில்லை என்றால் கிளட்ச்சும் நன்றாக இருக்கிறது. பத்து முறை க்ளிக் செய்தால் ஐந்தாறு மில்லிமீட்டர் வர வேண்டும். ஒருமுறை அதிகமாகவும் ஒருமுறை குறைவாகவும் வந்தால் அந்தப் பென்சிலை வைத்துவிடுங்கள்.

சரி, பென்சில் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் லெட் உடைகிறது என்றால்? அங்கேதான் லெட்டின் கதை தொடங்குகிறது.

லெட்டை உள்ளிருந்து நகர்த்தும் பென்சிலுக்கு 1822-லேயே பிரிட்டனில் சாம்ப்சன் மார்டன், ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் இருவரும் காப்புரிமை பெற்றார்கள். ஜப்பானில் 1915-ல் டோக்குஜி ஹயாகாவா உலோக உடலோடு ஒரு மெக்கானிக்கல் பென்சிலை உருவாக்கினார். மின்னணுச் சாதனங்களுக்குப் பேர்போன ஷார்ப் நிறுவனத்துக்குப் பெயர் வந்தது அந்தப் பென்சிலிலிருந்துதான். ஆனால் அந்தக் காலத்து லெட்டுகள் இன்றையதைவிடத் தடித்தவை. காரணம், மரப் பென்சிலுக்கு 1795-ல் நிக்கோலா ஜாக் கோன்டே கண்டுபிடித்த முறைப்படி, கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு கலந்து சுட்டால் கிடைக்கும் கம்பியை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினால் அது எழுத்தின் அழுத்தத்தைத் தாங்காது.

1960-ல் ஜப்பானின் பென்டெல் நிறுவனம் களிமண்ணுக்குப் பதிலாகப் பாலிமர் பிசினைப் பயன்படுத்திய லெட்டைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. கிராஃபைட் தூளைப் பிசினோடு பிசைந்து, நுண்ணிய துளை வழியே நூல்போலப் பிதுக்குவார்கள். பிதுங்கி வரும்போது தட்டையான கிராஃபைட் செதில்கள் நீளவாக்கில் ஒரே திசையில் படிந்துகொள்ளும். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். ஆக்சிஜன் இல்லாததால் பிசின் எரிந்து போகாது. கரியாகி, செதில்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அப்போது உண்டாகும் நுண்துளைகளில் எண்ணெயை ஊற வைப்பார்கள். தாளில் லெட் வழுக்கிக்கொண்டு போவதில் அந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. இந்த வேலைகளில் எங்கே கவனம் குறைந்தாலும் லெட் பலவீனமாகிவிடும், அல்லது தாளைக் கீறும். என் கருத்தில், மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் லெட்தான். சாதாரணப் பென்சிலில் நல்ல லெட் போட்டு எழுதுவது, உயர்ந்த பென்சிலில் மட்டமான லெட் போட்டு எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.

எந்தத் தடிமன் வாங்கலாம்? இதற்குக் கணக்கே பதில் சொல்லும். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் லெட்டைப் பக்கவாட்டில் வளைத்தால், அது தாங்கும் விசை விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப உயரும். நீட்டியிருக்கும் நீளத்துக்கு ஏற்பக் குறையும். 0.5 என்று அச்சிட்ட லெட்டின் உண்மையான விட்டம் சுமார் 0.56 மில்லிமீட்டர். 0.7 என்று இருப்பது ஏறக்குறைய அதே 0.7 தான். இந்த இரண்டையும் மும்மடியாக்கி ஒப்பிட்டால், 0.7 லெட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விசையைத் தாங்கும். 0.3 லெட்டின் உண்மையான விட்டம் சுமார் 0.38. அது தாங்குவது 0.5 தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அழுத்தி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கும், எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் 0.7 தான் சரி. கணக்குப் போடுவது, ஓரக் குறிப்பு எழுதுவது, படம் வரைவது என்று சிறிய எழுத்து தேவைப்படுபவர்களுக்கு 0.5 போதும். 0.3 மென்மையான கைகளுக்கு மட்டும்.

நீளத்தின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. மூன்று க்ளிக் செய்து எழுதும் பழக்கத்தை இரண்டாகக் குறைத்தாலே லெட்டின் தாங்குதிறன் ஒன்றரை மடங்காகிவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை! பென்சிலைச் சற்று நிமிர்த்திப் பிடிப்பதும் உதவும். நுனி நிமிர நிமிர வளைக்கும் விசை குறைந்து, நீளவாக்கில் நசுக்கும் விசை கூடும். சுட்டு இறுகிய பொருள்கள் வளைவைவிட நசுக்கலை நன்றாகத் தாங்கும். கருமையைப் பொறுத்தவரை, பி, 2பி என்று போகப்போக எழுத்து கருக்கும், லெட் மிருதுவாகும், சீக்கிரம் தேயும், எளிதில் உடையும். பொதுவான எழுத்துக்கு ஹெச்பி அல்லது பி.

அடுத்தது முனைக்குழாய். லெட்டை வழிநடத்தும் அந்த மெல்லிய உலோகக் குழாய், வரைபடத்துக்கென்றே செய்த பென்சில்களில் சுமார் 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலை ஒட்டிக் கோடு போட அது அருமையான அமைப்பு. ஆனால் பென்சில் கைதவறி நுனி கீழாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒருமுறை வளைந்துவிட்டால் லெட் உள்ளேயே ஒடிந்துகொண்டிருக்கும். நேராக்க முயன்றாலும் பெரும்பாலும் பழையபடி வராது. பையில் போட்டு எடுத்துப் போகிறவர்கள் குழாய் உள்ளே போய்விடும் வகையையோ, கூம்பு நுனி உள்ள வகையையோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். உள்ளே போகும் வகையில் குழாயை விரலால் தொட்டு ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் எழுத்தும் ஆடும்.

கூடுதல் வசதிகளோடு வரும் பென்சில்களும் உண்டு. மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த குரு டோகா என்ற பென்சிலில், நுனி தாளைத் தொட்டு எழும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் லெட்டை 9 டிகிரி சுழற்றும். 40 தொடுகைக்கு ஒரு முழுச் சுற்று. லெட் ஒரு பக்கமாகத் தேய்ந்து கோடு தடிப்பதை இது தடுக்கிறது. கையை அடிக்கடி தூக்கி எழுதும்போதுதான் இது நன்றாக வேலை செய்யும். எழுத்துக்கு எழுத்து நுனியை எடுக்கும் தமிழுக்குப் பொருந்தும். ஆங்கிலத்தைக் கூட்டெழுத்தாக நீட்டி எழுதுகிறவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. 2014-ல் வந்த ஸீப்ரா நிறுவனத்தின் டெல்கார்ட் பென்சில் அதிக அழுத்தத்தை ஸ்பிரிங்குகளால் உள்வாங்கிக்கொள்ளும். அதே ஆண்டு வந்த பென்டெலின் ஒரென்ஸ், லெட்டைக் குழாய்க்குள்ளேயே மறைத்து வைத்து எழுத வைப்பதால் 0.2 மில்லிமீட்டர் லெட்டும் சாத்தியமாயிற்று. அருமையான பொறியியல்தான். ஆனால் லெட் உடைவது உங்களுக்கு உண்மையிலேயே தொல்லையாக இல்லை என்றால், இவற்றுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

எடை கையின் விருப்பம். முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் கட்டுப்படுத்த எளிது. உடல் முழுதும் பித்தளை என்றால் நீண்டநேரம் எழுதும்போது கை சோர்ந்துவிடும்.

கடைசியாக, மிஞ்சும் லெட். புது லெட்டின் நீளம் 60 மில்லிமீட்டர். தாடைகளிலிருந்து குழாயின் நுனிவரை உள்ள தூரத்தைவிட லெட் குட்டையாகிவிட்டால் கிளட்ச்சால் அதைப் பிடிக்க முடியாது. அடுத்த லெட் பின்னாலிருந்து தள்ளினால் வெளியே வரும், ஆனால் எழுதும்போது சுழன்று ஆடும். சாதாரணப் பென்சில்களில் இப்படி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வீணாகும், அது இயல்புதான். உள்ளே இரண்டு மூன்று லெட்டுக்கு மேல் போட வேண்டாம். நெருக்கிப் போட்டால் ஒன்றோடொன்று சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் நுனிப்பகுதியைத் திருகிக் கழற்றி, பொத்தானை அழுத்திப் பிடித்துத் துண்டுகளைக் கொட்டுங்கள். குழாய்க்குள் சிக்கியதை அதே தடிமனுள்ள இன்னொரு லெட்டால் மெதுவாகத் தள்ளலாம். குண்டூசியைத் திணிக்காதீர்கள். அது குழாயின் வாயை அகட்டிவிடும், அப்புறம் எந்த லெட் போட்டாலும் ஆடிக்கொண்டே இருக்கும்.