வலையில் எது பட்டாலும் முதலில் மூச்சைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடல்தொழில் செய்கிறவர்களுக்கு ஆமையும் ஓங்கிலும் (டால்பின்) புதிதில்லை. நீரோட்டத்தில் மிதக்க விடும் வழிவலையில் ஆமை படும். கரையிலிருந்து இழுக்கும் கரைமடியில் திமிங்கலச் சுறா வந்து மாட்டும். சாளைக் கூட்டத்தைத் தேடி ஓங்கில் வள்ளத்தின் அருகிலேயே வரும். இவற்றைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் காப்பாற்றப் போய்ச் சாகடிப்பது நடந்துகொண்டேதான் இருக்கிறது. மயங்கிக் கிடக்கும் ஆமையை உடனே கடலில் தள்ளுகிறார்கள். சுறாவின் வாலில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுக்கிறார்கள். ஓங்கிலின் தலைமேல் ஈரச்சாக்கைப் போர்த்துகிறார்கள். மூன்றும் நல்லெண்ணத்தில் செய்வதுதான். மூன்றுமே உயிரை எடுக்கும்.

பதற்றத்தில் எதுவும் ஓடாதபோது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இது காற்றில் மூச்சு விடுகிறதா, தண்ணீரிலா? ஆமை, ஓங்கில், திமிங்கலம், கடல்பாம்பு எல்லாவற்றுக்கும் நுரையீரல்தான். அவற்றுக்குத் தலை மேலே வர வேண்டும். சுறாவுக்கும் திருக்கைக்கும் செவுள். அவை தண்ணீரை விட்டு வெளியே வரக் கூடாது.

நம் வலைகளில் அதிகம் படுவது பங்குனி ஆமை. வளர்ந்த ஆமை 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். தை முதல் பங்குனி வரை முட்டையிடக் கரைப்பக்கம் ஒதுங்குவதால் அந்த மாதங்களில் கரைக்கடல் வலைகளில் கூடுதலாகப் படும். சும்மா கிடக்கும் ஆமை மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்திருக்கும். வலையில் சிக்கித் திமிறுகிற ஆமைக்கு அந்தக் கணக்கு செல்லாது. உடம்பில் இருக்கிற பிராணவாயு வேகமாகத் தீர்ந்து, தசையிலும் இரத்தத்திலும் அமிலம் ஏறி, நுரையீரலில் தண்ணீரும் புகுந்துவிடும். வலை வாங்கும்போது கழுத்து தொங்கும், கண் மூடியிருக்கும், துடுப்பு அசையாது. செத்துவிட்டது என்றே தோன்றும். இமையோரத்தையும் வாலடியையும் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சிறிதாகச் சுருங்கினாலும் உயிர் இருக்கிறது. சுருங்காவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். இந்த நிலையில் கடலில் போட்டால் நீந்தத் தெம்பின்றி நேராக அடியில் போய் மூழ்கிச் சாகும். வள்ளத்தில் இருப்பவர்களுக்கோ அது ‘போய்விட்டது’ என்றுதான் தெரியும். தவறு திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணமே இதுதான்.

செய்ய வேண்டியது இது. துடுப்பைப் பிடித்துத் தூக்காமல், ஓட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இரண்டு பேர் பிடித்து ஏற்றுங்கள். வாய்க்கு நேரே கை போகக் கூடாது. கடித்தால் விரல் போகும். வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்துக்கு அடியில் சுருட்டிய வலையோ கயிற்றுச் சுருளோ வைத்து, குறைந்தது 15 செ.மீ. உயர்த்துங்கள். நுரையீரலில் இருக்கும் தண்ணீர் தலைப்பக்கமாக வடியும். மல்லாத்திப் போடக் கூடாது: நுரையீரல் மேலோட்டுக்குக் கீழே இருப்பதால், மல்லாத்தினால் குடலும் ஈரலும் அதன்மேல் அழுத்தும். நெஞ்சை அமுக்குவதும் வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டின் ஒரு பக்கத்தை ஏழெட்டு செ.மீ. தூக்கி இறக்குங்கள், பிறகு மறுபக்கத்தை. நிழல் வேண்டும், ஓட்டின்மேல் ஈரத்துணி வேண்டும், மூக்கு திறந்திருக்க வேண்டும். தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். சிறிய ஃபைபர் வள்ளத்தில் இது இடைஞ்சல்தான், மறுப்பதற்கில்லை. கரை திரும்பும் நேரமாகியும் தெளியவில்லை என்றால், வனத்துறைக்குப் போனில் சொல்லிவிட்டுக் கொண்டுவாருங்கள். தலையைத் தூக்கி, ஒழுங்காக மூச்சு விட்டு, துடுப்பை அடிக்கத் தொடங்கியதும் விடலாம். எஞ்சினை நியூட்ரலில் போட்டு, பக்கத்தில் வலை இல்லை என்று பார்த்து, தலை முன்னே போகும்படி தாழ இறக்குங்கள். எறிய வேண்டாம்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துத் தூண்டில்காரர்களுக்கு வேறு சிக்கல். தூண்டிலை விழுங்கிய ஆமையை நரம்பை, அதாவது தூண்டில் இழையை, பிடித்து இழுக்கவே கூடாது. அதன் தொண்டைக்குள் பின்னோக்கிச் சாய்ந்த முள் வரிசை உண்டு. இழுத்தால் குடல் கிழியும். முடிந்தவரை தூண்டிலுக்கு நெருக்கமாக நரம்பை வெட்டுங்கள். நீளமாக விட்ட நரம்பு உள்ளே போய்க் குடலைச் சுருட்டிவிடும். தூண்டில் வெளியே குத்தியிருந்தால், கட்டிங் பிளேயரால் முனையை நறுக்கிவிட்டு வந்த வழியாகவே வெளியே எடுக்கலாம்.

திமிங்கலச் சுறாவுக்கு இதெல்லாம் தலைகீழ். கடலில் இருக்கிற மீன்களிலேயே பெரியது. நம் வள்ளத்தின் நீளமும் இருக்கும், அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். ஆளைக் கடிக்காது, நுண்ணுயிர்களையும் பொடிமீனையும் வடிகட்டித் தின்பது. ஆனால் வாலை ஒருமுறை வீசினால் வள்ளம் கவிழும், ஆள் முறியும். வலைக்குள் கண்டதும் எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து தூக்கி வையுங்கள். அவுட்போர்டு தண்ணீரில் இருந்தால் வலையும் சுற்றும், சுறாவின் முதுகையும் அறுக்கும். யாரும் தண்ணீரில் குதிக்கக் கூடாது. வால் பக்கம் போகாமல், தலைக்குச் சற்றுப் பின்னே, உடம்புக்கு இணையாக வள்ளத்தை ஒட்டுங்கள். வலை எங்கே பிடித்திருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துடுப்பிலோ வாலிலோ இருக்கும். மிதவைக் கயிற்றைச் சுறாவுக்கு இரண்டு பக்கமும் வெட்டினால் வலை தளர்ந்து இறங்கும். பிறகு ஈயக்கயிற்றை வெட்டுங்கள். வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்துக்கொண்டிருப்பதைவிட இதுவே விரைவு. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் வெட்டினால் கரையில் திரும்பக் கோத்துவிடலாம். நுனி மழுங்கிய, பல் உள்ள கத்தி ஒன்றும், நீளக் கம்பில் கட்டிய வளைந்த அரிவாள் ஒன்றும் வள்ளத்தில் எப்போதும் இருக்கட்டும்.

வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதுதான். சுறா முன்னே நகரும்போது வாய்வழியாகத் தண்ணீர் புகுந்து செவுள் வழியாக வெளியேறுகிறது. பின்னோக்கி இழுத்தால் அந்த ஓட்டம் நின்றுபோகும், மூச்சுத் திணறும். கரைமடியில் வந்தால் மணலில் ஏற்றாமல், வயிறு தட்டாத ஆழத்திலேயே மடியைத் திறந்துவிட வேண்டும். தண்ணீருக்கு வெளியே அதன் எடையே அதன் உள்ளுறுப்புகளை நசுக்கும். வலைக்கு ஆகும் நஷ்டம் சின்னதில்லை. குஜராத்தில் வலையை வெட்டிச் சுறாவை விடுகிறவர்களுக்கு ஈடு கொடுத்துத்தான் அங்குள்ள மீனவர்களை இதில் கூட்டுச் சேர்த்தார்கள். நம் கரையிலும் அப்படி ஒரு ஏற்பாடு சிக்கலின்றிக் கைக்கு வர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

ஓங்கில் வலையில் பட்டால் மூச்சுத்துளையை மட்டும் மனதில் வையுங்கள். அது தலையின் உச்சியில் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது, துணி போடக் கூடாது, அது மேலே வரும்படி உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வலையை வெட்ட வேண்டும். வாலையும் பக்கத்துடுப்பையும் பிடித்து இழுத்தால் மூட்டு விலகும். கரையில் ஒதுங்கியதைக் கண்டால் வயிறு கீழே இருக்கும்படி நிறுத்தி, துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிப் பள்ளம் செய்து, ஈரத்துணியால் நிழல் கொடுத்து, வனத்துறை ஆள் வரும்வரை வேடிக்கை பார்ப்பவர்களை விலக்குங்கள். உடனே தள்ளிவிடத் தோன்றும். கூட்டமாக ஒதுங்குபவை திரும்பி வரும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடலில் தள்ளிவிட்டவை மறுபடி கரைக்கே வந்தன. ஒன்று கரையில் கிடந்தால் மற்றவை அதை விட்டுப் போவதில்லை.

பெரிய திமிங்கலம் தெரிந்தால் 100 மீட்டருக்குள் போக வேண்டாம். முன்னே குறுக்கே வெட்டக் கூடாது, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நுழையக் கூடாது. அதுவாக அருகில் வந்தால் நியூட்ரலில் போட்டுக் காத்திருங்கள்.

மனிதரின் மூச்சு நிற்கும் இடம் கடல்பாம்பு. துடுப்பு போன்ற தட்டை வால் இருந்தால் அது கடல்பாம்புதான். வெறுங்கையால் வலையிலிருந்து எடுக்கக் கூடாது, நீளக் கம்பால் எடுத்துக் கடலில் விடுங்கள். கடி பெரும்பாலும் வலிக்காது. முள் குத்தியது என்று நினைத்துத் தொழிலைத் தொடர்கிறவர்கள் உண்டு. அரை மணியிலிருந்து சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், இமை தொங்குதல், கறுத்த சிறுநீர் வரும். பிறகு மூச்சுத்தசை செயலிழக்கும். இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றுக்கானது, கடல்பாம்புக்கு அல்ல. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கை கால் முழுவதும் துணியை அழுத்திச் சுற்றி, அசையாமல் கிடத்தி, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல வெண்டிலேட்டர் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் நேரத்தைத் தின்னும்.

திருக்கை முள்ளுக்கு வேறு முறை: தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தினால் வலி இறங்கும். இரவில் விளக்கை நோக்கிப் பாயும், ஊசிபோல் நீண்ட மூக்குள்ள முரல் மீன் கழுத்திலோ நெஞ்சிலோ குத்தி நின்றால், குத்தி நிற்கும் மீனின் மூக்கைப் பிடுங்காமல் அதன் உடலை மட்டும் வெட்டி நீக்கி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பிடுங்கினால் இரத்தம் நிற்காது.

சட்டத்தைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. ஆமைகள், ஓங்கில், திமிங்கலங்கள், 2001 மே முதல் திமிங்கலச் சுறாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பிடித்து வைப்பதற்கும் விற்பதற்கும் 3 முதல் 7 ஆண்டு சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பயத்தில் தற்செயலாகப் பட்டதையும் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால் உதவி வராது. வயர்லெஸ்ஸில் 16-ம் சேனல், கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கூப்பிடும்போது ஜிபிஎஸ் எண், கரையிலிருந்து தூரம், நீவாடு (நீரோட்டம்) போகும் திசை, எந்த வலை, உயிரின் நீளம், மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதை இந்த வரிசையில் சொல்லுங்கள்.