ஜூரிஸ்டிக்‌ஷன்: வரம்பா, ஆதிக்கமா?

சங்கிலியைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்கு ஓடினால் முதலில் கேட்பது, "எந்த இடத்துல நடந்துச்சு?" பாலத்துக்கு இந்தப் பக்கம் என்றால் மனு வாங்குவார்கள். அந்தப் பக்கம் என்றால், "அது எங்க லிமிட் இல்லீங்க". ஜூரிஸ்டிக்‌ஷன் என்ற சொல்லை நாம் பிடித்துவைத்திருப்பது இந்த 'லிமிட்' என்ற பொருளில்தான். தமிழ்நாட்டுச் சட்டத் தமிழிலும் அது 'அதிகார வரம்பு'. சிலர் 'ஆள்வரை' என்பார்கள். இரண்டிலும் எல்லைக்கல்தான் தெரிகிறது. தப்பில்லை, ஆனால் பாதிச் சொல்.

லத்தீனில் இது 'யூரிஸ்டிக்தியோ'. 'யூரிஸ்' என்றால் சட்டத்தின், நீதியின். 'டிக்தியோ' என்றால் சொல்லுதல். டிக்டேஷன், டிக்‌ஷனரி எல்லாம் இதன் உறவுக்காரர்கள். ஆக, நீதியைச் சொல்லுதல். வேரில் எல்லையே இல்லை. மதுரைக்காஞ்சியில் வரும் 'அறங்கூறு அவையம்' நினைவுக்கு வருகிறதா? அறம், கூறு, யூரிஸ், டிக்தியோ. உடனே லத்தீனுக்குத் தாய் தமிழ் என்று கிளம்பிவிட வேண்டாம். நீதி என்பது வாயால் சொல்லப்படுவது என்று இரண்டு ஊரிலும் நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் பஞ்சாயத்தில் நாலு பேர் 'நாயம் சொல்ல'த்தானே உட்காருகிறார்கள்.

இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியால் நீதிமன்றத்தில் ஆகப்போவது என்ன என்று கேட்கலாம். போர்க்குற்ற வழக்கு ஒன்றில் ஆகியிருக்கிறது.

முன்னாள் யூகோஸ்லாவியாவில் நடந்த குற்றங்களை விசாரிக்க, 1993இல் ஐ.நா. பாதுகாப்பு அவை தி ஹேக் நகரில் ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. அங்கே முதலில் விசாரணைக்கு வந்தவர் துஷ்கோ தாதிச் என்ற போஸ்னிய செர்பியர். பிரியேடோர் வட்டாரத்தில், ஒமார்ஸ்கா முகாம் உள்ளிட்ட இடங்களில் கைதிகளைக் கொடுமைப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்த எடுப்பிலேயே அடிமடியில் கைவைத்தார்கள்: பாதுகாப்பு அவைக்கு நீதிமன்றம் அமைக்க அதிகாரம் கொடுத்தது யார்? இந்தத் தீர்ப்பாயமே செல்லாது.

குற்றம்சாட்டிய தரப்பு 'லிமிட்' பொருளில் நின்றது. எந்தக் குற்றம், எந்தக் காலம், எந்த இடம், எந்த ஆள் என்பதுதான் ஜூரிஸ்டிக்‌ஷன். தீர்ப்பாயம் பிறந்த கதை அதில் அடங்காது என்றது. விசாரணை அமர்வும் அந்தக் கேள்விக்குள் போக மறுத்தது. 1995 அக்டோபர் 2 அன்று மேல்முறையீட்டு அமர்வு இதை ஏற்கவில்லை. ஜூரிஸ்டிக்‌ஷன் வெறும் வட்டம் அல்ல, லத்தீன் மூலமே காட்டுவதுபோல, அந்த வட்டத்துக்குள் சட்டத்தை இறுதியாக எடுத்துச்சொல்லும் முறையான அதிகாரம் என்றது. முறையான அதிகாரம் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தானே வேண்டும்? கேட்டார்கள், ஆராய்ந்தார்கள், தீர்ப்பாயம் செல்லும் என்று முடித்தார்கள். தாதிச் தோற்றார், அவருடைய கேள்வி வென்றது.

அதே தீர்ப்பு வட்டத்தையும் அகலப்படுத்தியது. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே நடப்பது மட்டும் ஆயுத மோதல் அல்ல. ஓர் அரசுக்கும் அமைப்பாகத் திரண்ட ஆயுதக் குழுவுக்கும் நடுவே நீடிக்கும் சண்டையும் ஆயுத மோதலே, அதிலும் போர்க்குற்றம் உண்டு என்றது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்க 1998இல் ஏற்கப்பட்ட ரோம் சட்டத்தில் உள்நாட்டுப் போரின் குற்றங்களும் இடம்பெற்றன.

அதே ஹேக் நகரில் இயங்கும் இந்தச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வட்டம் குறுகலானது. 2002 ஜூலை 1க்கு முன் நடந்ததை அது தொடாது. குற்றம் உறுப்பு நாட்டு மண்ணில் நடந்திருக்க வேண்டும், இல்லையேல் செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். உறுப்பினர் அல்லாத நாடும் தானாக ஒப்புதல் தரலாம். உக்ரைன் அப்படித் தந்திருந்ததால்தான், ரஷ்யா உறுப்பினர் இல்லாதபோதும் 2023 மார்ச்சில் புதினுக்குப் பிடியாணை பிறந்தது. இந்த எதுவும் பொருந்தாவிட்டால் பாதுகாப்பு அவை அனுப்பிவைக்க வேண்டும். இலங்கை உறுப்பு நாடு அல்ல. "ஹேக்குக்குப் போகலாமே" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் முட்டி நிற்கிற சுவர் இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கை அரசியலமைப்பின் தமிழ் வடிவம் 'நியாயாதிக்கம்' என்கிறது. நியாயமும் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. லத்தீனுக்கு இதுவே கிட்ட வருகிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு மட்டும் ஒரு சங்கடம்: 'சாதி ஆதிக்கம்', 'ஆதிக்க சக்தி' என்று கேட்டுக் கேட்டு ஆதிக்கம் இங்கே கெட்ட வார்த்தையாகிவிட்டது. 'அறங்கூறுரிமை' என்று நான் ஒன்று செய்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வக்கீல் குமாஸ்தா வாயில் நுழையாது.

அதனால் என் கட்சி இது: அதிகாரத்தைச் சொல்லும்போது நியாயாதிக்கம், அது எட்டும் தூரத்தைச் சொல்லும்போது அதிகார வரம்பு. "போர்க்குற்றத்தை விசாரிக்கும் நியாயாதிக்கம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு, 2001இல் நடந்த இந்தக் கொலை அதன் அதிகார வரம்புக்குள் வராது." இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.